திரண்டவர்களும் திரட்டப்பட்டவர்களும்

ஆடி வந்துவிட்டால் சேலத்துக்காரனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டுதல் முடிந்த நாளிலிருந்து ஊருக்கே வேறு முகம். அதிலும் குகைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் என்றால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான். அதுதான் வண்டி வேடிக்கை. அலங்காரம் செய்த வண்டிகளில் ஆட்கள் சாமி வேடம் கட்டி உட்கார்ந்து ஊர்வலமாக வருவார்கள். முருகன், காளி, நரசிம்மர், சிவன் பார்வதி என்று வண்டிக்கு ஒரு கதை. நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. சனம் சாயங்காலமே வந்து மொட்டைமாடியிலும் திண்ணையிலும் இடம் போட்டு வைத்துவிடும்.

அப்பா குகையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். வண்டி வேடிக்கை அன்று தெருவில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஒவ்வொரு வண்டியையும் முன்பக்கமிருந்து எடுப்பார். ஃபிளாஷைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. எட்டு ஒன்பது வயது இருக்கும். ஒரு வருடம் வண்டிகள் வரிசையில் நின்றுவிட்ட நேரம் பார்த்து நான் பின்பக்கம் போய்விட்டேன். முன்னால் மயில் தோகை விரித்து முருகன் ஜொலித்துக்கொண்டிருந்தார். பின்னால் மூங்கில் சட்டம், சணல் கயிறு, ஜெனரேட்டர் புகை. தோகையின் முதுகில் பழைய கல்யாண அட்டைப் பெட்டியின் எழுத்து தெரிந்தது. ஒருவர் குனிந்தபடியே முருகனின் கிரீடத்தைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார். இன்னொருவர் கலர் பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு முருகனின் வாயருகே நீட்ட, முருகன் தலையை அசைக்காமல் உறிஞ்சினார்.

ஓடி வந்து, "அப்பா, பின்னாடியிருந்து ஒண்ணு எடுங்கப்பா" என்றேன்.

"பின்னாடி எடுத்தா எவன்டா காசு குடுத்து வாங்குவான்?" என்றார்.

தொழில் ரகசியம் என்று அப்பா எனக்குச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அதன் முழு அர்த்தம் பிடிபடப் பல வருடம் ஆயிற்று.

இருபத்தைந்து வயது தாண்டி ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் கேமராமேனாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அந்தச் சேனலும் இல்லை. அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீடியோ. தோளில் பேனசோனிக் எம் 9000, மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கண்ணைக் கூச வைக்கும் விளக்கு. அரசியல் கூட்டம் எடுப்பது தனித் தொழில் என்று சொல்லிக்கொடுத்தவர் கூட வந்த மூத்த நிருபர். எல்லாருக்கும் அவர் அண்ணன். கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டுமா, மேடை ஓரமாகத் தாழ நின்று, ஜூமை முழுக்க இழுத்து, தலைகளின் மட்டத்தில் எடு என்பார். நாலடி தள்ளி நிற்கிறவர்கள்கூடத் தோளோடு தோள் ஒட்டின மாதிரி விழுவார்கள். பூக்காரி ஒரே முழம் மல்லிகையை இடைவெளி விட்டும் தொடுப்பாள், நெருக்கியும் தொடுப்பாள், அது மாதிரி. சின்னதாகத் தெரிய வேண்டுமா, எதிர் மாடியில் ஏறி, மொத்த இடமும் தெரிகிற மாதிரி வைட் வை, ஓரத்தில் டீ குடிக்கிறவனையும் சேர்த்துக்கொள். "பொய்யே சொல்ல வேண்டாம் தம்பி. நிக்கிற எடத்த மாத்தினாப் போதும்."

ஒரு தேர்தல் நேரம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய திடலில் கூட்டம், தலைவர் ஹெலிகாப்டரில் வருகிறார். ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் நாங்கள் நாலு மணிக்கே போய்விட்டோம். வரிசை வரிசையாகப் போட்டிருந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டி, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸ் பார்த்தேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குத் திடல் ஓரளவு நிரம்பியது. பிரமாதமான கூட்டம் என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை.

எங்கள் சேனல்காரருக்கும் அந்தக் கட்சியின் உள்ளூர்ப் பிரமுகருக்கும் விளம்பரப் பாக்கி விஷயமாக ஏதோ மனத்தாங்கல். ராத்திரி செய்தியில் என்னுடைய நாலு மணி நாற்காலிகள் வந்தன. 'காற்று வாங்கிய கூட்டம்' என்று தலைப்பு. அதே நேரம் இன்னொரு சேனலைத் திருப்பினால், மேடை ஓரத்திலிருந்து ஜூம் போட்ட தலைகள், 'அலைகடலெனத் திரண்ட தொண்டர்கள்.' இரண்டிலும் ஒரு ஃபிரேம்கூடப் போலி இல்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது, தலைகள் இருந்தது இருந்ததுதான்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா. ஓமலூர் பக்கம் ஏதோ கிராமம், கட்சிக்காரர்கள் அமர்த்திய வேனில் வந்திருந்தார், இடுப்பில் பேரன். அண்ணன் மைக்கை நீட்டி, "எவ்வளவும்மா குடுத்தாங்க?" என்றார்.

"குடுத்தாங்க, அம்பது ரூவா" என்றார் அந்த அம்மா. கொஞ்சமும் கூச்சம் இல்லை. அப்புறம் தானாகவே தொடர்ந்தார். "அம்பது ரூவாய்க்காக யாரு வருவா? களவெட்டுக்குப் போனாலும் கெடைக்கும். ஹெலிகாப்டரு எறங்குதுன்னாங்க. பேரனுக்குக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன். இவங்க கட்சிக்கெல்லாம் நான் ஓட்டுப் போடறதில்ல."

செய்தியில் 'அம்பது ரூவா' வரைக்கும்தான் வந்தது. வெட்டியது எடிட்டர். எந்த நொடியில் வெட்டலாம் என்று தாளில் நேரம் குறித்துக் கொடுத்தது நான்.

எட்டாம் வகுப்பில் தமிழய்யா தன்வினை, பிறவினை நடத்தினது ஞாபகம் இருக்கும். திருந்தினான் என்றால் அவனாகத் திருந்தினான், திருத்தினான் என்றால் இன்னொருவனை. உருண்டது, உருட்டியது. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறினால் போதும், யார் செய்தார் யாருக்குச் செய்தார் எல்லாம் இடம் மாறிவிடும். நம் செய்தி அறைகளுக்கு இதைப்போல் உதவிய இலக்கணம் வேறில்லை. நமக்குப் பிடித்தவர் கூட்டம் போட்டால் மக்கள் 'திரண்டனர்'. பிடிக்காதவர் போட்டால் 'திரட்டப்பட்டனர்'. எந்த வினையைப் போட வேண்டும் என்பது கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். ஹெலிகாப்டர் பார்க்க வந்த அம்மாவுக்கு இரண்டிலும் இடமில்லை. அவருக்கு மூன்றாவதாக ஒரு வினை வேண்டும், அதுவும் தமிழில் இருக்கிறது. வேடிக்கை பார்த்தார்.

இந்தப் புத்தி எனக்கு உடனே வந்துவிடவில்லை. 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தில் சதாம் உசேன் சிலையைச் சாய்த்தார்கள். கேபிள் ஆபீஸில் ஏழெட்டுப் பேர் டிவி முன்னால் நின்று பார்த்தோம். சுத்தியலால் பீடத்தை அடிக்கிறார்கள், கழுத்தில் கயிறு, சிலை முன்பக்கமாக மடங்கி விழுகிறது, மக்கள் ஏறி மிதிக்கிறார்கள், செருப்பால் அடிக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரிவரை எத்தனை முறை போட்டார்கள் என்று கணக்கே இல்லை. ஒரு நகரமே எழுந்து வந்து சர்வாதிகாரியைக் கீழே இழுத்துப் போட்டது என்றுதான் நானும் நம்பினேன், கண்கூடக் கலங்கியது. அதே வருடம் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் நான். எனக்கே தோன்றவில்லை, இத்தனை மணி நேரத்தில் ஒரு வைட்கூட நிற்கவில்லையே என்று.

வைட் படத்தைப் பிற்பாடுதான் பார்த்தேன். ஃபிர்தோஸ் சதுக்கம் பெரிய வட்டம். நடுவில் சிலையைச் சுற்றி ஒரு கொத்து ஆட்கள், மிஞ்சிப்போனால் சில நூறு பேர், அதிலும் பத்திரிகைக்காரர்களும் அமெரிக்கப் படையினரும் கணிசம். மீதி இடம் வெறிச்சென்று கிடந்தது, ஓரமாக டாங்கிகள். சிலையை இழுத்துச் சாய்த்ததும் கயிறு பிடித்த மக்கள் இல்லை, அமெரிக்க மரைன் படையின் மீட்பு வண்டி. அதற்கு முன் ஒரு சிப்பாய் ஏறிச் சிலையின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்தி, அது தப்பாகப் போய்விடும் என்று உணர்ந்து எடுத்துவிட்டு, ஈராக் கொடியைக் கட்டினார்கள். எல்லாம் ஏன் அந்தச் சதுக்கத்தில்? எதிரேதான் பாலஸ்தீன் ஹோட்டல். உலகப் பத்திரிகையாளர்கள் பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். முந்தின நாள் அமெரிக்க டாங்கிக் குண்டு விழுந்து இரண்டு ஒளிப்பதிவாளர்கள் செத்தது அதே ஹோட்டலில்தான். மறுநாள் படத்தில் அந்தச் சாவு பின்னுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் வைத்து சதாம் நல்லவர் என்று யாரும் சொல்ல வரவில்லை. அந்தச் சிலையே 2002-ல் அவருடைய 65-ஆவது பிறந்தநாளுக்கு நிறுத்தியது, அதுவும் ஒரு கட்அவுட் கலாசாரம்தான். அவர் விழுந்ததில் சந்தோஷப்பட்ட ஈராக்கியர் ஏராளம் இருந்திருப்பார்கள். என் கேள்வி தொழில்காரன் கேள்வி. அன்றைக்குப் படத்தில் தெரிந்த 'மக்கள்' திரண்டார்களா, திரட்டப்பட்டார்களா, இல்லை ஜூம் திரட்டியதா?

ஜூமின் அப்பன் ஒருவன் உண்டென்றால் அது 1934-இல் நூரெம்பர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாடுதான். லெனி ரீஃபென்ஸ்தால் என்ற பெண்மணி அதைப் படமெடுத்தார், 1935-இல் வெளியானது. 170 பேருக்கு மேல் கொண்ட படக்குழு. மைதானத்தில் ராட்சசக் கொடிக்கம்பம் ஒன்றில் லிஃப்ட் பொருத்தி, கேமராவை மேலே ஏற்றி இறக்கி எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஜிம்மி ஜிப் என்கிற கேமரா கிரேன் போட்டு எடுப்பதை அன்றைக்கே செய்துவிட்டார்கள். நடந்ததைப் பதிவு செய்தேன், அவ்வளவுதான் என்று அந்த அம்மையார் 101 வயதில் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொடிக்கம்பத்தில் லிஃப்ட் வைக்க இடம் கொடுத்த மாநாடு, படத்துக்காக நடந்த மாநாடா, மாநாட்டுக்காக எடுத்த படமா? கல்யாண வீடியோ எடுத்த எவனுக்கும் இந்தக் குழப்பம் புதிதல்ல. "தாலிய இன்னொரு வாட்டி கட்டுங்க சார்" என்று கேட்டு, மாப்பிள்ளையும் கட்டுவது போலக் கையைக் கொண்டுபோனதை நானே எடுத்திருக்கிறேன்.

நூரெம்பர்க்கைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் தொந்தி. ஹிட்லரின் கட்டடக்கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். படை வீரர்களை அணிவகுக்க வைப்பது சுலபம். கட்சியின் நடுத்தர, கீழ்மட்ட நிர்வாகிகள்தான் தலைவலி. பதவி வந்ததும் தொந்தி போட்டுவிட்டது, ஒழுங்காக வரிசையில் நடக்கவும் வரவில்லை. ஸ்பியர் சொன்ன யோசனை, அப்படியானால் இருட்டில் நடக்க விடுவோம். கொடிகளின்மேல் மட்டும் வெளிச்சம், மைதானத்தைச் சுற்றி விமானப்படையிடமிருந்து வாங்கிய 130 சர்ச் லைட்டுகளை வானத்தைப் பார்க்க நட்டுவைத்தார். ஒளியாலான ஆலயம் என்று உலகம் வாயைப் பிளந்தது, இன்றைக்கும் பிளக்கிறது. ஆட்சியின் பிரம்மாண்டம் என்று நாம் பார்க்கிற அந்தப் படத்துக்கு அடியில் இருப்பது மாவட்டம் வட்டம் ரகச் செயலாளர்களின் வயிறு. நம்மூர் மாநாட்டுப் பந்தலில் வெள்ளைச் சட்டைப் பொத்தான் பிதுங்க உட்கார்ந்திருக்கும் முன்வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்பியர் ஞாபகம் வந்துவிடும்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அப்போது சும்மா இருக்கவில்லை. 1938 நவம்பரில் இங்கிலாந்தின் 'ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்' ஹிட்லரின் மலைவீட்டைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அழகான திரைச்சீலை, பூந்தொட்டி, கூண்டில் கேனரிப் பறவை. வீட்டு அலங்காரப் பத்திரிகைக்கு வீடுதானே தெரியும். அதே நவம்பரில்தான் ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கினார்கள். 2011 மார்ச் இதழில் 'வோக்' பத்திரிகை சிரியாவின் அன்றைய அதிபரின் மனைவியைப் பாலைவன ரோஜா என்று கொண்டாடியது. அந்த மாதமே சிரியாவில் போராட்டம் வெடித்துத் துப்பாக்கிச் சூடும் நடந்தது. பிறகு அந்தக் கட்டுரையைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சரி, புகழ்வது ஒரு வகை என்றால் சிரிப்பது இன்னொரு வகை. இதில் நம் ஆட்களை அடிக்க முடியாது. ஐந்து ரோடு பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில், உலகத் தலைவர்களில் பிரதமருக்கு அடுத்தபடி அதிகம் அடிபடும் பெயர் வட கொரியாவின் கிம் ஜாங் உன். 2013 டிசம்பரில் அவர் தன் அத்தை கணவர் ஜாங் சாங் தேக்குக்கு மரண தண்டனை நிறைவேற்றினார், அது உண்மை. அப்புறம் ஒரு செய்தி வந்தது, 120 பசித்த நாய்களிடம் அவரை விட்டுக் கடிக்க வைத்தார்கள் என்று. சீன வலைத்தளம் ஒன்றில் ஒருவர் கிண்டலாக எழுதியதை ஹாங்காங் பத்திரிகை ஒன்று செய்தியாகப் போட, சிங்கப்பூர் பத்திரிகை அதை எடுத்துப் போட, உலகம் முழுக்கப் பரவி ஐந்து ரோடு டீக்கடைவரை வந்து சேர்ந்தது. அதே வருடம் ஹியோன் சாங் வோல் என்ற பாடகியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். அந்த அம்மா அடுத்த வருடம் டிவியில் தோன்றினார். 2018-இல் குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கித் தென் கொரியாவுக்கே வந்து இறங்கினார். இதைச் சொன்னபோது டீ மாஸ்டர், "அப்ப செத்தது யாருண்ணா?" என்றார். அப்படி ஒருவர் சாகவே இல்லை என்பது அவருக்கு ஒப்பவில்லை.

2020 ஏப்ரலில் கிம்மையே கொன்றுவிட்டார்கள், யூட்யூபில் இரங்கல் வரைக்கும் போய்விட்டது. மே 1-ஆம் தேதி அவர் உரத் தொழிற்சாலைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

இந்தச் சிரிப்பு சுகமான சிரிப்பு. கொழுத்த கோமாளி, அவனுக்கு ஆடும் பொம்மைகள், அவ்வளவுதான் என்று முடித்துக்கொள்ளலாம். பியோங்யாங்கின் கூட்டு விளையாட்டு விழாப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்புற அரங்கு முழுக்க ஆயிரக்கணக்கான மாணவர்கள் வண்ண அட்டைப் புத்தகம் பிடித்து, சைகைக்குச் சைகை பக்கம் புரட்ட, மலை, சூரியன், துப்பாக்கி, தலைவர் முகம் எல்லாம் வந்து போகும். ஒரு கட்டம் என்பது ஒரு பிள்ளை. மாதக்கணக்கில் பயிற்சி. அதில் குழந்தைகள் பட்ட பாட்டை அங்கிருந்து தப்பி வந்தவர்கள் 2014-ஆம் வருடத்து ஐ.நா. விசாரணை ஆணையத்திடம் சொல்லியிருக்கிறார்கள். வட கொரிய அரசின் கேமரா அந்தப் பிள்ளையின் முகத்தைக் காட்டாது, படம் கெட்டுவிடும். நம் கேலி வீடியோவும் காட்டாது, சிரிப்பு கெட்டுவிடும். எதிரும் புதிருமான இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுதான் எடுக்கிறார்கள், முன்பக்கத்தில்.

2011 டிசம்பரில் கிம்மின் அப்பா இறந்தபோது பனியில் விழுந்து புரண்டு அழுத சனத்தைப் பார்த்து ஆபீஸில் சிரித்தார்கள். "எல்லாம் செட்டப்பு. அழலைன்னா சுட்டுருவான்." இருக்கலாம். அந்த இறுதி ஊர்வலப் படம் ஒன்றில் ஓரமாக நின்ற ஒரு சிறு கும்பலையே வட கொரியச் செய்தி நிறுவனம் அழித்துவிட்டுத்தான் வெளியே அனுப்பியிருந்தது. கேமராவும் கையுமாக நின்ற ஆட்களாம், பனிக்கோடு நேராக இல்லை என்று எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சாவு ஊர்வலத்திலும் ஓர் ஒயிட் பேலன்ஸ் ஆசாமி இருந்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1987 டிசம்பர் 24 ஞாபகம் வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். இறந்த அன்று எனக்குப் பதினோரு வயது. அம்மா ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். யாரும் அவரை அழச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டார், அவரையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் கடைவீதியில் ஷட்டரை இறக்கச் சொல்லிக் கட்டை எடுத்து வந்ததையும் நான் பார்த்தேன். அப்பா ஸ்டுடியோக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து சாமிக்கு ஏற்றுவது போல ஊதுபத்தி ஏற்றினார், பயத்திலா பாசத்திலா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரே தெருவில், ஒரே காலையில், தன்வினையும் பிறவினையும் கலந்து கிடந்தன. 2014 செப்டம்பரில் அமைச்சர்கள் கண்ணீர் விட்டபடி பதவிப் பிரமாணம் எடுத்ததை நாடே பார்த்தது. வெளிநாட்டுக்காரன் யாராவது அதைப் பார்த்திருந்தால் என்ன வினை போட்டிருப்பான்?

அங்கே அழாதவனுக்கு நேரக்கூடியது இங்கே அழாதவனுக்கு நேராது, அந்த வித்தியாசம் பெரிது. அதை அழித்து எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவனோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அந்த வித்தியாசம் அழுகிற முகத்தைப் படம் பிடிப்பதில் தெரியாது. அழாமல் நின்றவன் மறுநாள் என்ன ஆனான் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கவரேஜுக்கு யாரும் போவதில்லை.

இதில் ஒரு சின்ன இடைச்செருகல். ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் மிச்சமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் அங்கே 1951-இல் எடுத்த எம்.ஜி.ஆர். படத்துக்குப் பெயரே 'சர்வாதிகாரி'. அதற்கும் முன்னால் 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், தலைமை ஏற்றுச் சிறை போனவர்களை முதல் சர்வாதிகாரி, இரண்டாம் சர்வாதிகாரி என்று வரிசையாக அழைத்தார்கள். மரியாதைப் பட்டம்! அந்தச் சொல்லே அப்போது வேறு வெளிச்சத்தில் இருந்திருக்கிறது.

சேலத்துக்கென்றே ஓர் ஊர்வலக் கதையும் உண்டு. 1971 ஜனவரியில் திராவிடர் கழகம் இங்கே மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தி ஊர்வலம் விட்டது. பெரியார் வந்திருந்தார், எதிர்த்தரப்பு கறுப்புக்கொடி காட்டியது, செருப்பு பறந்தது, ராமர் படம் செருப்படி பட்டது. எது முதலில் நடந்தது, யார் எறிந்தார்கள், எதற்குப் பதிலாக எது என்பதில் இன்றுவரை இரண்டு தரப்புக்கும் இரண்டு கதை. 'துக்ளக்' படங்களோடு வெளியிட்டது, அரசு இதழைப் பறிமுதல் செய்தது, பறிமுதல் செய்ததாலேயே ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. இரண்டே மாதத்தில் தேர்தல். அந்தப் படங்கள் தி.மு.க.வை மூழ்கடிக்கும் என்றவர்கள் இருந்தார்கள், தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது. ஐம்பது வருடம் ஆகப்போகும் நேரத்தில், 2020 ஜனவரியில் துக்ளக் விழாவில் ரஜினிகாந்த் அதைப் பற்றிப் பேச, டிவி விவாதங்களில் சேலம் மறுபடியும் ஒரு வாரம் ஓடியது.

அந்த வாரம் பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் அந்த ஊர்வலத்தை நேரில் பார்த்தவர் என்று சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், நினைவு தெளிவு. "என்ன பெரியப்பா பாத்தீங்க?"

"எனக்கு முன்னாடி நின்னவன் கொடி வச்சிருந்தான். நெட்டையன். ஒண்ணும் தெரியல. காலுங்கதான் தெரிஞ்சுது."

"செருப்பு?"

"எல்லாருங் கால்லயும் இருந்துச்சு."

நேரில் பார்த்தவர் என்று எந்த விவாதத்திலும் உட்கார வைக்க முடியாத சாட்சி. எனக்கு அவரை நம்பப் பிடிக்கிறது.

இல்லாத கூட்டத்தைக் காட்டிய ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலையில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், கட்சிக்காரர்களை வரிசையாகக் கைது செய்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. கைதானவர் பெயரைப் போட முடியாது. மூன்றே நாளில் பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். 'முரசொலி' ஒரு பட்டியல் போட்டது, அண்ணா சதுக்கத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று. ஏன் வர இயலவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. படித்தவர்களுக்குப் புரிந்தது. காலி நாற்காலியை நான் காட்டியதற்கும் அவர்கள் காட்டியதற்கும் உள்ள தூரத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கூட்டமே ஃபிரேமை உடைத்த காட்சி ஒன்றும் உண்டு. தொழிலில் இருக்கிற புதுப் பையன்களுக்கு நான் அடிக்கடி போட்டுக்காட்டுவது அதைத்தான். 1989 டிசம்பர் 21, ருமேனியா, புக்கரெஸ்ட். சர்வாதிகாரி சௌசெஸ்கு மாடத்தில் நின்று பேசுகிறார், கீழே தொழிற்சாலைகளிலிருந்து கூட்டிவந்த கூட்டம், கையில் கொடுத்து அனுப்பிய பதாகை, நேரடி ஒளிபரப்பு. திரட்டப்பட்டனர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பேச்சுக்கு நடுவில் எங்கோ ஓர் இரைச்சல். கிழவர் நிறுத்துகிறார். கை பாதியில் தூக்கியபடி நிற்கிறது. முகத்தில் கோபம்கூட இல்லை, புரியாமை. கேமரா ஆடுகிறது, கட்டடங்களுக்கு மேலே ஏறுகிறது, ஒளிபரப்பு சில நிமிடம் அறுந்துபோகிறது. திரும்பி வந்ததும் "அலோ, அலோ" என்கிறார், போன் லைன் கட்டானவர் மாதிரி. சம்பளம் உயர்த்துகிறேன் என்கிறார். மறுநாள் கட்சித் தலைமையகக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார், கிறிஸ்துமஸ் அன்று சுட்டுக் கொன்றார்கள்.

திரட்டப்பட்ட கூட்டம் அந்தச் சில நொடிகளில் திரண்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் பார்ப்பது சௌசெஸ்கு முகத்தைவிட அந்தக் கேமராவை. வானத்தைப் பார்த்துத் திரும்பியவன் பயந்து திருப்பினானா, உத்தரவில் திருப்பினானா? நான் அங்கே இருந்தால் கீழே இறக்கிக் கூட்டத்தைக் காட்டியிருப்பேனா? தாளில் நேரம் குறித்துக் கொடுத்த கை இது. பையன்களிடம் இதற்குப் பதில் சொல்வதில்லை.

இப்போது பெரிய கூட்டங்களில் நிற்கிற இடத்தை மாற்றுகிற வேலைகூடக் கேமராமேனுக்கு மிச்சமில்லை. கட்சியே ஜிம்மி ஜிப், ட்ரோன், ஸ்விட்சர் எல்லாம் வைத்து எடுத்து, ரெடியான ஃபீடாகச் சேனல்களுக்குக் கொடுத்துவிடுகிறது. பத்துச் சேனலைத் திருப்பினாலும் ஒரே ஷாட், லோகோ மட்டும் வேறு. காலி நாற்காலி வேண்டுமென்றால் செல்போன் வைத்திருக்கும் யாராவது எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும், அதை எப்போது எடுத்தான், நாலு மணிக்கா ஏழு மணிக்கா என்று எவன் கேட்கப்போகிறான். நான் கல்யாண வீடியோவுக்கே திரும்பிவிட்டேன். மண்டப வாசலில் வைக்கும் டிஜிட்டல் பேனரில் மாப்பிள்ளை சிங்கத்தோடு நிற்கிறார், அது வேறு கதை.

போன ஆடியில் வண்டி வேடிக்கைக்குத் தங்கை மகன் வந்திருந்தான். போனைக் கம்பில் மாட்டி முன்பக்கமிருந்து லைவ் போட்டுக்கொண்டே நடந்தான். வண்டிகள் வரிசையில் நின்ற நேரம், பழக்க தோஷம், நான் கேமராவோடு பின்பக்கம் போனேன். காளி வண்டி. தகரத்தில் வெட்டிய எட்டுக் கை, நாக்கு வெளியே, உடம்பெல்லாம் நீலம். நிஜக் கைகள் இரண்டும் சூலத்தோடும் கபாலத்தோடும் சேர்த்துக் கட்டியிருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் பனியனுக்கு மேல் வார்ப்பட்டை, அதற்குள் வேர்த்துக் கொட்டுகிற ஒரு முதுகு. நான் கேமராவைத் தூக்கினேன்.

தலையைத் திருப்பாமலே காளி பேசினார். "அண்ணா, போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம். நடு முதுகுல அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

கேமராவை முட்டியில் இடுக்கிக்கொண்டு சொறிந்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.